இருபத்திரண்டாம் வசனம்

என் அப்பா உபதேசியார். சாத்தான்குளத்துக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள தேரிக்காட்டு ஊர்களில், மூன்று வருஷம் இங்கே, நான்கு வருஷம் அங்கே என்று மாறி மாறி ஊழியம் செய்தார். குருவானவர் மாதம் ஒருமுறை நற்கருணை கொடுக்க வருவார். மற்ற ஞாயிறுகளில் அப்பாதான் பிரசங்கம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது யாத்திராகமம் பதினாறாம் அதிகாரத்தை எடுத்துவிடுவார். பெரும்பாலும் அது ஐப்பசி, கார்த்திகையில் வரும். பனை ஓய்ந்து, கருப்பட்டி விற்ற காசு கரைந்து, ஊரில் பாதி அடுப்புகள் ஒரு நேரம் மட்டும் புகையும் காலம் அது.

வனாந்தரத்தில் மன்னா விழுந்த கதையை அப்பா சொல்லக் கேட்க வேண்டும். பனி உலர்ந்த பிறகு தரையில் உறைபனிபோல் கிடந்த அந்தப் பொடியைத் தானே குனிந்து பொறுக்குவதுபோல் கையைக் காட்டுவார். தலைக்கு ஒரு ஓமர் அளவு. மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. விடியும்வரை எதையும் வைக்கக்கூடாது என்று மோசே சொல்லியும் சிலர் நாளைக்கு ஆகட்டுமென்று ஒளித்து வைத்தார்கள். மறுநாள் பார்த்தால் புழு. அந்த இடத்தில் அப்பாவின் குரல் தாழும். "நாளையைப் பற்றிய பயந்தான் அந்தப் புழு" என்பார். இருபத்தோராம் வசனத்தோடு வேதத்தை மூடுவார். பிறகு ஜெபம், காணிக்கை, ஆசீர்வாதம்.

எனக்குப் பத்து வயது இருக்கும். அப்படியொரு ஞாயிறு மத்தியானம் சோறு வைத்துக்கொண்டே அம்மா கேட்டாள்: "ஆறாம் நாளைப் பத்தி வாசிக்கவே இல்லியே?"

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். "அது ஓய்வுநாள் காரியம். இது வேற."

அம்மா மேற்கொண்டு பேசவில்லை. நாலாம் வகுப்பு வரை படித்தவள். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வேதம் வாசிப்பாள். அடுத்த வசனத்தில் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆறாம் நாளில் மட்டும் தலைக்கு இரண்டு ஓமர் சேர்க்கச் சொன்னது கர்த்தர்தான். மறுநாள் மன்னா விழாது என்பதால். அன்று எடுத்து வைத்தது நாறவில்லை, புழுக்கவில்லை. அப்படியும் ஏழாம் நாள் காலையில் சிலர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். தரையில் ஒன்றும் இல்லை.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது போன வருஷம் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எழுந்த ஒரு கேள்வி. நான் உதவி பெறும் பள்ளியில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து, 2015-இல் ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றவள். அதனால், ஓய்வுக்காலத்துக்குச் சேமிப்பதைப் பற்றி அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். பேசி முடித்ததும் பின்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் எழுந்தாள். முப்பது வயது. சின்ன நர்சரிப் பள்ளி ஒன்றில் டீச்சர், சம்பளம் ஒன்பதாயிரம். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

"டீச்சர், ஆகாயத்துப் பறவையைப் பாருங்கன்னு ஆண்டவர் சொல்லியிருக்காரு. அறுபது வயசுக்கு இப்பவே சேத்து வைக்கிறது அவிசுவாசம் இல்லியா?"

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பா ஆயுசு முழுக்கச் சொன்ன பதிலையே அவள் கேள்வியாகக் கேட்டாள். அன்று நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அவளுக்கு அன்று தராத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அவர் பேசியபடி வாழ்ந்தவர். சபை ஊழியர்களுக்குச் சேமநிதிப் பிடித்தம் ஒன்று வந்தபோது, கட்டாயமில்லை என்று தெரிந்ததும் தனக்கு வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார். மாதம் பிறந்ததும் தசமபாகம் எடுத்து வைப்பார். மீதியில் யார் வந்து கேட்டாலும் கொடுப்பார். அவருடைய விசுவாசத்துக்கு முன்மாதிரி எங்கள் மண்ணிலேயே உண்டு. பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்த அருளப்பன், 1840-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையை நிறுவியவர். மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தார். அவரை அப்படி நிற்கத் தூண்டியவர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். இங்கிலாந்தில் எக்ஸீட்டரில் பல் மருத்துவராக இருந்தவர். பூமியில் பொக்கிஷம் சேர்க்க வேண்டாம் என்ற கட்டளை எழுத்துக்கு எழுத்து நமக்குத்தான் என்று 1825-இல் ஒரு சிறு நூல் எழுதினார். தொழிலை விட்டார், பாக்தாத் போனார். அங்கே 1831-இல் கொள்ளைநோயில் மனைவியைப் பறிகொடுத்தார். 1833-இல் இந்தியா வந்தார். பிரிஸ்டலில் யாரிடமும் கை நீட்டாமல், ஜெபத்தை மட்டும் நம்பி ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லர் அவருடைய தங்கை கணவர். இந்த மூவரைப் பற்றியும் அப்பா கண் கலங்கப் பேசுவார். அந்த வாழ்க்கைகளின் முன் நானும் தலை வணங்குகிறேன். அப்படி அழைக்கப்பட்டவர்கள் உண்டு.

ஆனால் ஒருவர் தனக்கென்று எதுவும் வைக்காமல் வாழத் தீர்மானிக்கும்போது, அந்தத் தீர்மானத்தின் பாரம் யார் தோளில் இறங்குகிறது? இதை நான் இருபத்திரண்டு வயதில் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

1979-இல் அப்பா இறந்தார். வயது ஐம்பத்தொன்பது. சட்டைப்பையில் பதினேழு ரூபாய் இருந்தது. அடக்க ஆராதனையில் எல்லாரும் அவருடைய விசுவாசத்தைப் பற்றிப் பேசினார்கள். நாங்கள் இருந்த வீடு ஊழியக்காரருக்கான வீடு. அடுத்த உபதேசியார் குடும்பத்தோடு வரவிருந்தார். மூன்று மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். அவர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர், வேறு வீடு அவர்களிடம் இல்லை. நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்தேன். தங்கை நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம்.

அப்போதுதான் அம்மா அடுக்களைப் பரணில் ஏறி, பழைய ஓலைப்பெட்டி ஒன்றை இறக்கினாள். உள்ளே துணியில் சுற்றிய தபால் நிலையச் சேமிப்புப் புத்தகம். ஆயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய். முட்டை விற்றது, ஓலைப்பெட்டி முடைந்து விற்றது, சீட்டுப் போட்டு எடுத்தது. பத்தொன்பது வருஷத்துச் சிறுவாடு. அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும். ஒரு தடவ பாத்துட்டாவ. ஒண்ணும் சொல்லாம திரும்பிப் போயிட்டாவ" என்றாள்.

அந்தப் பணத்தில்தான் வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுத்தோம். தங்கை படிப்பை முடித்தாள். அடுத்த வருஷம் எனக்கு வேலை கிடைக்கும்வரை அரிசி வாங்கினோம். பல வருஷம் கழித்து ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன்: "அப்பாவுக்கு இருந்த விசுவாசம் உங்களுக்கு இல்லாமப் போச்சேன்னு எப்பவாவது சங்கடப்பட்டிருக்கீங்களா?" அவள் முறத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. "தந்தது கர்த்தர்தானட்டி. நான் மூடிதான் போட்டு வச்சேன்."

அப்பாவின் விசுவாசம் பொய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த விசுவாசத்துக்கு அடியில் அம்மாவின் ஓலைப்பெட்டி இருந்தது. மேடையில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. சேமிக்காதவர் வீடுகளில் பெரும்பாலும் வேறு யாரோ சேமிக்கிறார்கள், அல்லது வேறு யாரோ கடன்படுகிறார்கள். மகள் தன் தாலிச் சங்கிலியை அடகு வைக்கிறாள். தம்பி தன் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை எடுத்துத் தருகிறான். தன் முதுமையைக் கர்த்தர் கையில் விட்டதாக ஒருவர் சொல்லும்போது, அது போய்ச் சேரும் கை எது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

வேதத்தை நான் படித்தவரை, சேர்த்து வைப்பது அதில் ஒரே நிறத்தில் வரவில்லை. லூக்கா பன்னிரண்டில் வரும் ஐசுவரியவான் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிடுகிறான், அன்று இரவே சாகிறான். அந்த உவமையை மறுபடி மறுபடி வாசித்தபோது எனக்கு உறைத்தது, அவன் பேசுவதெல்லாம் தன்னோடுதான் என்பது. என் தானியம், என் களஞ்சியம், என் ஆத்துமா. மனைவி இல்லை, வேலைக்காரன் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் இல்லை. தேவன் அவனை மதிகேடன் என்றது களஞ்சியம் இருந்ததற்காக அல்ல, அதற்குள் அவனைத் தவிர வேறு ஒருவரும் இல்லாததற்காக என்றே நான் படிக்கிறேன். யோசேப்பும் களஞ்சியம் கட்டினான். செழிப்பான ஏழு வருஷத்தில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தான். அவனை ஒருவரும் அவிசுவாசி என்று சொன்னதில்லை.

மன்னாவுக்கே வருகிறேன். ஒரே பொருள், ஒரே பாத்திரம், ஒரே கூடாரம். செவ்வாய்க்கிழமை வைத்தால் புழுக்கிறது, ஆறாம் நாள் வைத்தால் புழுக்கவில்லை. அப்படியானால் குற்றம் வைப்பதில் இல்லை. சாதாரண நாளில் வைத்தவன், நாளை காலையும் விழும் என்று சொல்லப்பட்டதை நம்பவில்லை. ஆறாம் நாள் வைக்காதவனும், நாளை விழாது என்று சொல்லப்பட்டதை நம்பவில்லை. இருவருக்கும் உள்ளது ஒரே நோய்தான், சொன்ன வார்த்தையைக் கேளாமை. வயது ஏறும், முழங்கால் தேயும், கண் மங்கும், கை நடுங்கும் என்பது நமக்குத் தெரிவிக்கப்படாத ரகசியமா? வீட்டுக்கு வீடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவும் பாட்டியும் அந்த அறிவிப்புதானே. அறிவித்த பிறகும் பாத்திரத்தோடு வெளியே போய்த் தரையில் தேடுவதை விசுவாசம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

இன்னொன்றையும் அந்த அதிகாரம் வைத்திருக்கிறது. ஏழாம் நாளுக்கு இரண்டாவது ஓமர் போதும். மூன்றாவது இல்லை. முதுமைக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு அளவு உண்டு. கேட்கவே பயமாயிருக்கிறதென்று சிலர் சேமிக்காமல் இருக்கிறார்கள். பயம் தீராமல் சேமித்துக்கொண்டே போகிறவர்களும் உண்டு. நான்கு மனை வாங்கியவர் ஐந்தாவதைப் பார்க்கப் போகும்போது, அவருக்கு ஓய்வுநாள் எப்போது வரும் என்று எனக்குத் துக்கமாயிருக்கும்.

ஸ்காட்லாந்துச் சபையின் கதையை ஒரு புத்தகத்தில் வாசித்தபோது அம்மா உயிரோடு இல்லையே என்று வருந்தினேன். அலெக்சாண்டர் வெப்ஸ்டர், ராபர்ட் வாலஸ் என்று இரண்டு போதகர்கள். போதகர்கள் இறந்தால் மனைவி பிள்ளைகள் தெருவில் நிற்பதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், எடின்பரோ பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் காலின் மெக்லாரினிடம் போனார்கள். எப்போதும் ஏறக்குறைய 930 போதகர்கள் இருப்பார்கள், ஆண்டுக்குச் சராசரி 27 பேர் இறப்பார்கள், அவர்களில் 18 பேர் விதவைகளை விட்டுப் போவார்கள் என்று கணக்கிட்டார்கள். 1744-இல் நிதி தொடங்கியது. 1765-இல் நிதியில் 58,348 பவுன் இருக்கும் என்று அவர்கள் முன்கூட்டியே போட்ட கணக்கு. அந்த வருஷம் வந்தபோது இருந்தது 58,347 பவுன். உயிர்த்தெழுதலைப் பிரசங்கித்த அதே மனிதர்கள் மரணத்தை எண்ணிப் பார்க்கவும் அஞ்சவில்லை. அதை எண்ணியது தங்கள் வீட்டுப் பெண்களுக்காக. எனக்கு அது ஜெபத்துக்குக் குறைந்த காரியமாகத் தெரியவில்லை.

பவுலும் எண்ணுகிறார். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில், சபையின் பட்டியலில் சேர்க்க வேண்டிய விதவைக்கு வயது அறுபதுக்குக் குறையக்கூடாது என்கிறார். நம் ஊரில் முதியோர் உதவித்தொகைக்கும் அறுபதுதான். சொந்த விதவைகளைக் குடும்பத்தார் தாங்க வேண்டும், அப்போதுதான் வேறு யாருமில்லாதவர்களைச் சபை தாங்க முடியும் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. தன்னால் முடிந்தவர் சேமித்துக்கொண்டால், முடியாதவர்களுக்குச் சபையின் கலயத்தில் இடம் கிடைக்கிறது. சேமிப்பையும் அன்பையும் எதிரெதிரே நிறுத்துகிறவர்கள் இந்த அதிகாரத்தைப் படிக்க வேண்டும்.

நான் எழுதுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. சேமிக்காதவனெல்லாம் புத்தியில்லாதவன் என்று ஆகிவிடக்கூடாது. என் பெரிய மாமா பனையேறி. மாசி பங்குனியில் தொடங்கி ஆவணிவரை, காலையும் மாலையும் முப்பது, நாற்பது மரம். அத்தை விடிலிக் குடிசையில் பதநீர் காய்ச்சுவாள். மழைக்காலத்தில் பழங்கருப்பட்டிக்கு விலை ஏறும். ஆடியில் செய்ததைப் புகை படும்படி பரணில் வைத்து மார்கழியில் விற்றால் நல்ல காசு. இது மாமாவுக்குத் தெரியாததா? ஆனால் போன மழைக்காலத்தில் அரிசிக்கு வாங்கிய முன்பணத்துக்காக, கருப்பட்டி அச்சிலிருந்து உதிர்ந்த சூட்டோடு வியாபாரி வீட்டுக்குப் போய்விடும். பரணில் வைக்க ஒன்றும் மிஞ்சாது. பரணில் வைத்த லாபம் வியாபாரிக்கு. இப்படியே நாற்பது வருஷம். ஐம்பத்தாறு வயதில் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தது. அதற்குப் பிறகு பதினொரு வருஷம் கயிற்றுக் கட்டிலில்.

யோசேப்பின் கதையிலும் நாம் வாசிக்காமல் தாண்டிப்போகும் பகுதி ஒன்று உண்டு. ஆதியாகமம் நாற்பத்தேழு. பஞ்சம் நீண்டபோது ஜனங்கள் தானியத்துக்காக முதலில் பணத்தைக் கொடுத்தார்கள், பிறகு ஆடுமாடுகளை, பிறகு நிலத்தை, கடைசியில் தங்களையே பார்வோனுக்கு அடிமைகளாக. நல்ல வருஷத்தில் விளைந்தது அவர்கள் வயல்களிலும்தான். சேர்த்து வைத்த களஞ்சியம் ஒருவனுடையதாகவும் பசி மற்றவர்களுடையதாகவும் ஆகும்போது, சேமிப்பே நுகமாகிவிடுகிறது. என் மாமாவை நினைக்காமல் அந்த அதிகாரத்தை நான் வாசித்ததில்லை.

எனக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது. 2003 ஏப்ரல் 1-க்கு முன் பணியில் சேர்ந்ததால் வந்த பாக்கியம். எனக்குப் பிறகு அதே வகுப்பறைக்கு வந்த டீச்சருக்குச் சம்பளத்தில் பத்து சதவீதம் பிடித்தார்கள், எனக்கு அப்படிப் பிடித்தம் இருந்ததில்லை. நான் அவளைவிட நன்றாகப் பாடம் நடத்தியதால் அல்ல. மாமா வாங்கிய தீப்பெட்டியிலும் மண்ணெண்ணெயிலும் இருந்த வரியிலிருந்தும்தான் என் சம்பளமும் ஓய்வூதியமும் வந்தன. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023-இல்தான் மாதம் 1,200 ரூபாய் ஆனது. அந்தப் பணத்துக்காக அத்தை பட்ட பாட்டைப் பார்த்தவள் நான். ஆகவே சேமியுங்கள் என்று சொல்லும் உரிமை எனக்குக் கொஞ்சம்தான் இருக்கிறது. சேமிக்க முடியாதவர்களுக்குக் கொடுங்கள், அவர்களுக்காகக் கேளுங்கள் என்று சொல்லும் கடமை அதைவிட அதிகம். கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்கும் குறையவில்லை என்று அந்த அதிகாரம் சொல்வது தானாக நடந்திருக்காது என்று நினைக்கிறேன். அளந்து பார்த்து யாரோ யாருக்கோ கொடுத்திருக்க வேண்டும்.

ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். அடுத்த வாரம் வீட்டுக்கு வரச் சொன்னேன். குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, என் பழைய பாடக்குறிப்பு நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம்.

அவள் பள்ளியில் இருபது பேர் வேலையில் இல்லை, அதனால் வருங்கால வைப்புநிதி கட்டாயமில்லை. அவளுக்கென்று பிடித்து வைப்பவர் எவரும் இல்லை. அடல் பென்ஷன் திட்டத்தைச் சொன்னேன். 2015-இல் வந்தது. பதினெட்டிலிருந்து நாற்பது வயதுக்குள் சேர வேண்டும். வருமான வரி கட்டுகிறவர்கள் சேர முடியாது, அவளுக்கு அந்தத் தடை இல்லை. அறுபதிலிருந்து மாதம் 5,000 ரூபாய் வேண்டுமென்றால் அவள் வயதில் மாதம் 577 கட்ட வேண்டும். பதினெட்டில் சேர்ந்தவள் 210 கட்டினால் போதும். நாற்பதில் சேர்ந்தால் 1,454. கையிலிருந்து போகும் மொத்தத்தைப் பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். பதினெட்டில் தொடங்கினால் அறுபதுக்குள் 1,05,840 ரூபாய். முப்பதில் 2,07,720. நாற்பதில் 3,48,960. கிடைப்பது மூவருக்கும் அதே ஐயாயிரம். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "பன்னெண்டு வருஷம் போயிட்டே டீச்சர்" என்றாள். நாற்பதுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு அவளுக்குப் பிடிக்காத கணக்கையும் போட்டுக் காட்டினேன். விலைவாசி ஆண்டுக்கு ஆறு சதவீதம் ஏறினால், முப்பது வருஷம் கழித்து வரும் ஐயாயிரத்துக்கு இன்றைய 870 ரூபாய்க்கு வாங்கும் சாமான்தான் கிடைக்கும். அப்பா சொன்ன புழு இங்கே இருக்கிறது. பணத்தை அலமாரியில் வைத்தாலும் சும்மா ஒரு கணக்கில் போட்டாலும் அது தின்றுகொண்டே இருக்கும். ஆகையால் அந்த 577 போதாது, அது அடிப்பானை மட்டுமே. அதன்மேல் வேறொன்று வேண்டும். பதினைந்து வருஷப் பொது வருங்கால வைப்புநிதியோ, யாரும் சேரக்கூடிய தேசிய ஓய்வூதியத் திட்டமோ, விலைவாசியை முந்தும்படி வளரும் ஏதாவது ஒன்று. மாதம் ஆயிரம் ரூபாய், எட்டு சதவீதம் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டு பார்த்தோம். முப்பது வருஷத்தில் கட்டுவது 3,60,000, சேர்வது ஏறத்தாழ 14,90,000. அதே ஆயிரத்தை நாற்பத்தைந்து வயதில் தொடங்கிப் பதினைந்து வருஷம் கட்டினால் சேர்வது 3,46,000. காலம் பாதி, பலன் கால்பங்குக்கும் குறைவு.

ஒன்பதாயிரத்தில் ஆயிரத்து ஐந்நூற்று எழுபத்தேழு எங்கிருந்து வரும் என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கு நோட்டில் பதில் இல்லை. இப்போதைக்கு 577 மட்டும், கணவரின் ஆட்டோக் கடன் முடிகிற மாதத்திலிருந்து அந்தத் தவணையில் பாதி என்று முடிவு செய்தோம். தசமபாகத்தைக் குறைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். நான் குறைக்கச் சொல்லவில்லை. வேறொன்று சொன்னேன். கொர்பான் என்று சொல்லித் தேவாலயத்துக்குக் காணிக்கையாக்கிவிட்டு, தகப்பனையும் தாயையும் கைவிட்டவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டது மாற்குவில் இருக்கிறது. ஓய்வு பெற்ற பணம் அத்தனையையும் ஒரு கட்டடத்துக்குக் கொடுத்துவிட்டு, பின்னால் மருந்துச் சீட்டோடு தங்கை வீட்டு வாசலில் நின்ற ஒருவரை நான் அறிவேன். கொடுத்த மனம் நல்ல மனம். ஆனால் அந்தத் தங்கையும் தையல் மெஷினில் பிழைத்தவள். கொடுப்பதற்கு முன் அவளைக் கேட்டிருக்க வேண்டும்.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்: "அப்போ அந்தப் பறவை, டீச்சர்?"

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். ஆண்டவர் கவலைப்படாதிருங்கள் என்றார். சேமிக்கிறவள் கவலைப்படுகிறவள் என்று நாமாகச் சேர்த்துக்கொண்டோம். அம்மாவை நான் இருபத்திரண்டு வயதிலிருந்து அவள் சாகும்வரை, 2004 வரை, கூடவே இருந்து பார்த்தேன். ராத்திரி படுத்த உடனே தூங்கிவிடுவாள். அப்பா கடைசி நான்கைந்து வருஷம் விடிய விடிய முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார். ஜெபிக்கிறார் என்று நினைத்தோம். ஜெபித்திருப்பார்தான். பிள்ளைகள் கரையேறவில்லையே என்ற கவலையும் அதில் இருந்திருக்கும் என்று இப்போது, அவர் வயதைத் தாண்டி வந்த பிறகு, எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அவர் அம்மாவின் ஓலைப்பெட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனாரே, அதை நான் நன்றி என்றே எடுத்துக்கொள்கிறேன். இதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

லேவியரைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன், நேரமாகிவிட்டது. எண்ணாகமம் எட்டில், லேவியர் ஐம்பது வயதானதும் வேலையை விட வேண்டும், ஆனால் ஆசரிப்புக் கூடாரத்தில் தங்கள் சகோதரருக்கு உதவியாயிருக்கலாம் என்று இருக்கிறது. வயதின் பேரில் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களை வேதத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பாரம் சுமக்க வேண்டாம், ஆனால் கூடாரத்தை விட்டுப் போகவும் வேண்டாம். சாயங்காலம் என் திண்ணையில் பதினோரு பிள்ளைகள் வாய்ப்பாடு படிக்கிறார்கள். காசு வாங்குவதில்லை. ஓய்வூதியம் வருவதால்தான் வாங்காமலிருக்க முடிகிறது. ஓய்வுக்காலச் சேமிப்பு எதற்கு என்று கேட்டால், பிறகு இலவசமாக வேலை செய்வதற்கு என்றும் ஒரு பதில் இருக்கிறது.

இந்த வருஷம் கார்த்திகையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வேதபாடம் நடத்தும் முறை என்னுடையது. மழை பிடித்துக்கொண்டதால் இருபது பேர்தான் வந்திருந்தார்கள். வழக்கம்போல வாசலில் கைப்பிடி அரிசிக்கான பெட்டி. அந்தப் பெண் வந்தாள், பையிலிருந்த அரிசியைப் பெட்டியில் கொட்டினாள், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏழு தவணை போய்விட்டதாகவும், ஒரு மாதம் கணக்கில் பணம் இல்லாமல் தவறி, அடுத்த மாதம் அபராதத்தோடு சேர்த்து எடுத்துக்கொண்டதாகவும் சொன்னாள். ஆட்டோக் கடன் முடிய இன்னும் பதினான்கு மாதம்.

யாத்திராகமம் பதினாறைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். எங்கிருந்து வாசிக்க என்று கேட்டாள். அப்பாவின் பழைய வேதப்புத்தகம் அது. இருபத்தோராம் வசனத்தின் ஓரத்தில் அவர் பென்சிலால் போட்ட கோடு இன்னும் மங்கலாகத் தெரிகிறது.

"அந்தக் கோட்டுக்குக் கீழேயிருந்து வாசி மக்கா" என்றேன்.